பல் டாக்டரிடம் போக பயமா? கடலூர், புதுச்சேரிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பலாப்பழ சீசன் வந்தால் பண்ருட்டியிலிருந்து சித்தி ஒரு பழம் அனுப்பி வைப்பார். அந்த வருஷம் வீட்டில் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து சுளை எடுத்துச் சாப்பிட, நான் மட்டும் ஒவ்வொரு சுளையையும் வலது பக்கமாகத் தள்ளித் தள்ளி மென்றுகொண்டிருந்தேன். எப்படியோ ஒரு துண்டு நழுவி இடது கடைவாய்ப் பல்லின் ஓட்டைக்குள் போய்விட்டது. எழுந்து கொல்லைப்பக்கம் போய்க் குழாயடியில் குனிந்து நின்று அழுதேன். வலி ஒரு பக்கம் இருக்கட்டும். யாராவது பார்த்து, "பல் டாக்டர்கிட்ட போயேன்" என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான் அந்த நேரத்தில் பெரிதாக இருந்தது.

அப்போது எனக்கு 37 வயது. அதற்கு முன் பல் மருத்துவமனைக்குப் போனது 9 வயதில். ஊசி போட்ட கையோடு பல்லைப் பிடுங்கினார்கள். மரத்துப்போகவே இல்லை. ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டார், இன்னொருவர் இரண்டு கையையும் அழுத்தினார். "ஆச்சு, ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள், ஆகவே இல்லை. அந்த "ஆச்சு" என் காதில் 28 வருஷம் கேட்டது.

இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போகிறேன். தைரியம் வந்துவிட்டதால் போகவில்லை. பயத்தோடு போவதற்கு ஒரு வழி கிடைத்தது, அதனால் போகிறேன். அந்த வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில், காத்திருக்கக் கூடாதவர்கள்

கன்னம் வீங்கி வீக்கம் கண் பக்கம் ஏறுகிறது, தாடைக்கு அடியில் கழுத்துப் பக்கம் இறங்குகிறது, வாய் சரியாகத் திறக்கவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை, காய்ச்சல் அடிக்கிறது. இவற்றில் ஏதாவது இருந்தால் இந்தக் கட்டுரையை இப்போது படிக்க வேண்டாம். இன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். பல் வேரில் கட்டிய சீழ் நாக்குக்கு அடியில் இறங்கினால் மூச்சுக்குழாயை அடைக்கும் அளவுக்கு வீக்கம் வரலாம். மூச்சு விடச் சிரமம் என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள், ராத்திரி இரண்டு மணியானாலும் சரி. மற்ற எல்லாருக்கும் நேரம் இருக்கிறது, நிதானமாகப் படிக்கலாம்.

இந்தப் பயம் நம்மை என்ன செய்கிறது

பல் பயம் பல்லோடு நிற்பதில்லை. எனக்கு முதலில் போனது சாப்பாடு. முறுக்கு போனது, கரும்பு போனது, முந்திரி போனது, கடைசியில் குளிர்ந்த தண்ணீரும் போனது. அடுத்துத் தூக்கம். படுத்தால் தலைப் பக்கம் ரத்த ஓட்டம் கூடும், அதனால் சீழ் பிடித்த பல் ராத்திரியில் இன்னும் தெறிக்கும். இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்தபடியே தூங்கிய மாதங்கள் உண்டு. தூக்கம் கெட்டால் காலையில் யார் மேல் எரிந்து விழுவோம்? பக்கத்தில் இருக்கும் பிள்ளை மேல்தான். என் மகள் ஒருநாள், "அம்மாவுக்குப் பல் வலிச்சா என்கிட்ட பேச மாட்டாங்க" என்று பாட்டியிடம் சொன்னதைக் கேட்டேன்.

அப்புறம் கூச்சம். கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கும்போது உதட்டை மூடிக்கொண்டு நிற்பது, சிரிப்பு வந்தால் புடவைத் தலைப்பை வாய்க்குக் கொண்டு போவது, பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் வாய் நாற்றம் தெரிந்துவிடுமோ என்று ஒரு அடி தள்ளி உட்காருவது. இப்படி ஒதுங்கி ஒதுங்கி மனிதர்களிடமிருந்தே விலகிவிடுகிறோம். "இவ்வளவு கெட்டுப்போன வாயை எந்த முகத்தோடு டாக்டரிடம் காட்டுவது?" என்ற எண்ணம் வந்துவிட்டால் பயத்தின் மேல் வெட்கமும் சேர்ந்துகொள்ளும். ஸ்வீடன் நாட்டுப் பல் மருத்துவ ஆய்வாளர் உல்ஃப் பெர்க்ரன் இதை 1984-லேயே ஒரு வட்டமாக விளக்கினார்: பயம், அதனால் தள்ளிப்போடுதல், அதனால் பல் கெடுதல், அதனால் வெட்கம், அதனால் இன்னும் அதிக பயம். நான் அந்த வட்டத்துக்குள்தான் 28 வருஷம் சுற்றினேன், அதற்கு ஒரு பெயர் இருப்பது தெரியாமலே.

உடம்புக்கும் விலை உண்டு. வலி மாத்திரையை நாமாக வாங்கி வாரக்கணக்கில் போட்டால் வயிறும் சிறுநீரகமும் கெடும். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு ஈறு நோய் இருந்தால் சர்க்கரை கட்டுக்குள் வருவது கஷ்டம். சர்க்கரை ஏறினால் ஈறு இன்னும் கெடும். ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போகும்.

வலிக்கிற இடத்தில் புகையிலை அடக்குவது, கற்பூரம் வைப்பது, ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் ஒட்டி வைப்பது எல்லாம் வேண்டாம். ஆஸ்பிரின் ஈறைப் புண்ணாக்கிவிடும். கிராம்புத் தைலம் கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கும், அவ்வளவுதான்.

படி 1: எதற்குப் பயம் என்று பிரித்துப் பாருங்கள்

"பல் டாக்டர்னாலே பயம்" என்று மொத்தமாகச் சொன்னால் யாராலும் உதவ முடியாது. ஒரு தாள் எடுத்து எழுதுங்கள். ஊசியா? அந்த மெஷின் சத்தமா? ரத்தமா? வாயில் தண்ணீர் நிறைந்து மூச்சு முட்டுவதா? குமட்டலா? படுக்க வைத்துவிட்டால் எழுந்திருக்க முடியாது என்ற உணர்வா? திட்டுவார்களோ என்பதா? எவ்வளவு பணம் கேட்பார்களோ என்பதா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

மருத்துவர்கள் பயன்படுத்தும் ஒரு சின்னக் கேள்வித்தாள் உண்டு. ஐந்தே கேள்வி. நாளைக்குப் பல் டாக்டரிடம் போக வேண்டும் என்றால் எப்படி இருக்கும்? காத்திருக்கும் அறையில் உட்கார்ந்திருந்தால்? பல்லைக் குடையப் போகிறார்கள் என்றால்? பல்லைச் சுத்தம் செய்யப் போகிறார்கள் என்றால்? மேல் கடைவாய்ப் பல்லுக்கு மேலே ஈறில் ஊசி போடப் போகிறார்கள் என்றால்? ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 1 என்றால் கொஞ்சமும் பயமில்லை, 5 என்றால் தாங்க முடியாத பயம். கூட்டினால் 5-க்கும் 25-க்கும் இடையில் ஒரு எண் வரும். 19 அல்லது அதற்கு மேல் என்றால் கடுமையான பல் பயம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு 23 வந்தது. அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு ஒரு நிம்மதி. இது கோழைத்தனம் இல்லை, அளந்து பார்க்கிற அளவுக்கு உலகத்தில் நிறைய பேருக்கு இருக்கிற ஒரு விஷயம் என்று தெரிந்ததே பாதி பாரத்தை இறக்கி வைத்தது.

எழுதிய தாளைப் பத்திரமாக வையுங்கள். படி 4-ல் வேண்டும்.

படி 2: அன்றைக்கு ஏன் வலித்தது, இன்றைக்கு ஏன் வலிக்க வேண்டியதில்லை

எனக்கு உண்மையில் உதவியது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

மரத்துப்போக வைக்கும் மருந்தின் பெயர் லிக்னோகெய்ன், லிடோகெய்ன் என்றும் சொல்வார்கள். 1943-ல் ஸ்வீடனில் கண்டுபிடித்தார்கள், இன்றும் உலகம் முழுக்க அதுதான் ஓடுகிறது. இந்த மருந்து வேலை செய்ய மூன்று விஷயம் வேண்டும்: சரியான இடம், போதுமான நேரம், அமைதியான சதை.

இடம்: மேல் தாடை எலும்பு மெல்லியது. பல்லுக்குப் பக்கத்தில் போட்டாலே மருந்து உள்ளே ஊறிவிடும். கீழ்க் கடைவாய்ப் பக்கம் எலும்பு கெட்டி. அதனால் பின்னால், நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் போடுவார்கள். அது சரியாக விழுந்தால் அந்தப் பக்கத்துக் கீழ் உதடு பாதி தடித்துப்போன மாதிரி ஆகும். இதை நீங்களே சோதிக்கலாம். உதட்டை விரலால் தொட்டுப் பாருங்கள், மரக்கவில்லை என்றால், "டாக்டர், உதடு இன்னும் மரக்கல" என்று சொல்லுங்கள். இன்னொரு தடவை போடுவார்கள். இது உங்கள் உரிமை.

நேரம்: சில நிமிடங்கள் பிடிக்கும், கீழ்ப் பக்கத்துக்கு இன்னும் கொஞ்சம் அதிகம். எனக்கு 9 வயதில் அந்த நேரம் கொடுக்கப்படவில்லை. அவ்வளவுதான் நடந்தது. என் பல்லில் குறை இல்லை, என் தைரியத்திலும் குறை இல்லை.

மூன்றாவதுதான் முக்கியம். சீழ் பிடித்து வீங்கிய இடத்தில் சதை அமிலத்தன்மையோடு இருக்கும். அந்த அமிலத்தில் இந்த மருந்து நரம்புக்குள் சரியாக நுழையாது. அதாவது, வலி தாங்க முடியாமல் போன பிறகு ஓடிப் போகிற நாளில்தான் ஊசி சரியாக வேலை செய்யாமல் போக வாய்ப்பு அதிகம். "எனக்கெல்லாம் ஊசி பிடிக்காது, வலிக்கத்தான் செய்யும்" என்று சொல்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் கடைசி நாளில் போனவர்களாக இருப்பார்கள். பயந்து தள்ளிப்போட்டோம், தள்ளிப்போட்டதாலேயே வலித்தது, வலித்ததால் பயம் சரிதான் என்று நம்பினோம். வலி இல்லாத நாளில் போவதுதான் வலிக்காமல் வைத்தியம் பார்த்துக்கொள்ள வழி. அப்படியே சீழ் பிடித்துவிட்டாலும், சீழை வெளியேற்றி, தேவைப்பட்டால் மருந்து கொடுத்து, வேறு இடத்தில் ஊசி போட்டு என்று மருத்துவரிடம் வழிகள் உண்டு. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஊசி போட்டதும் நெஞ்சு படபடவென்று அடித்தால் பதறாதீர்கள். மருந்தோடு கொஞ்சம் அட்ரினலின் கலந்திருப்பார்கள், மருந்து அந்த இடத்திலேயே நிற்பதற்காக. அதுதான் படபடப்பைத் தருகிறது, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். இதய நோய் இருப்பவர்கள் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று. இந்த மருந்து வலியை நிறுத்தும், அழுத்தத்தை முழுதாக நிறுத்தாது. பல் எடுக்கும்போது தள்ளுவது, அசைப்பது, கரகரவென்ற சத்தம் எல்லாம் தெரியும். பயந்த மனசு அந்த அழுத்தத்தையும் வலி என்று படித்துவிடும். "இது அழுத்தம், வலி இல்லை" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே இருந்தேன், மனசு மெல்லக் கேட்டுக்கொண்டது.

மெஷின் சத்தம்: பல்லைக் குடையும் அந்த ஏரோட்டர் காற்றால் சுழல்கிறது, நிமிடத்துக்கு லட்சக்கணக்கான தடவை. அதனால்தான் அந்த விசில். பல்லிலிருந்து எலும்பு வழியாகவே காதுக்குப் போவதால் நமக்கு மட்டும் ஊரே அதிர்கிற மாதிரி கேட்கும். பக்கத்தில் நிற்பவருக்கு அவ்வளவு கேட்காது. கூடவே பீய்ச்சும் தண்ணீர் பல் சூடாகாமல் இருக்க.

பல் ஆஸ்பத்திரி வாசனை என்று ஒன்று உண்டல்லவா? கதவைத் திறந்ததும் வயிற்றைப் பிசையுமே, அது. அதில் பெரும்பங்கு யூஜெனால். கிராம்பில் இருக்கும் அதே பொருள்தான். சொத்தையைத் தற்காலிகமாக அடைக்கும் சிமெண்டில் கலக்கிறார்கள். இது தெரிந்த பிறகு ஒரு வாரம், பிரியாணிக்கு வைத்திருந்த கிராம்பை உள்ளங்கையில் நசுக்கி முகர்ந்து பார்த்துக்கொண்டே காலை காபி குடித்தேன். எட்டாவது நாளோ என்னவோ, அந்த வாசனை அடுக்களைக்குத் திரும்பி வந்துவிட்டது.

படி 3: எங்கே போவது

பயந்தவருக்கு வேண்டியது விலை உயர்ந்த மெஷின் உள்ள இடம் இல்லை. அவசரப்படாத இடம். தெரிந்தவர்களிடம், "நல்ல டாக்டர் யாரு?" என்று கேட்காதீர்கள், "நிறுத்துங்கன்னா நிறுத்துற டாக்டர் யாரு?" என்று கேளுங்கள். பதில் வேறு மாதிரி வரும். லாரன்ஸ் ரோட்டில் எனக்குப் பழக்கமான துணிக்கடை அக்காவிடம் இப்படிக் கேட்டுத்தான் என் டாக்டரைக் கண்டுபிடித்தேன்.

பணம்தான் தடை என்றால் அரசு வழி இருக்கிறது. கடலூரில் மஞ்சக்குப்பம் அரசுத் தலைமை மருத்துவமனையில் பல் பிரிவு உண்டு. புதுச்சேரி கோரிமேட்டில் மகாத்மா காந்தி பல் மருத்துவ நிறுவனம், அரசு நடத்துவது. பக்கத்திலேயே ஜிப்மர். கடலூர்-புதுச்சேரி சாலையிலேயே பிள்ளையார்குப்பத்தில் இந்திரா காந்தி பல் மருத்துவக் கல்லூரி, இது தனியார். சிதம்பரம் பக்கம் இருப்பவர்களுக்கு அண்ணாமலை நகரில் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியாக இருந்தது, இப்போது அரசின் கையில்.

கல்லூரி மருத்துவமனை பற்றி ஒரு வார்த்தை. அங்கே மாணவ மருத்துவர்கள் பார்ப்பார்கள், ஆசிரியர்கள் மேற்பார்வை செய்வார்கள். நேரம் அதிகம் பிடிக்கும், காத்திருக்க வேண்டும், ஒரே கூடத்தில் வரிசையாக நாற்காலிகள் இருக்கலாம். அடுத்தவர் முகத்தைப் பார்த்தாலே பயம் என்றால் அது கஷ்டம். ஆனால் அவசரமில்லாமல் விளக்கிச் சொல்வது அவர்களுக்குப் பாடமே. என் தம்பி அங்கேதான் போனான், அந்த இளம் மருத்துவர் ஒவ்வொரு கருவியையும் எடுத்துக் காட்டிப் பேர் சொன்னதுதான் அவனுக்குப் பயம் விட்டது என்கிறான். தனிமை வேண்டுமா, விளக்கம் வேண்டுமா என்று உங்கள் தாளைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

படி 4: போன்

இந்த ஒரு போனைப் பேச எனக்கு மூன்று வாரம் ஆனது. உங்களுக்கு எளிதாக இருக்க, நான் பேசியதை அப்படியே தருகிறேன்:

"வணக்கம்மா. எனக்குப் பல் டாக்டர்னா ரொம்ப பயம். சின்ன வயசுல மரக்காமலே பல்லைப் பிடுங்கிட்டாங்க. முதல் தடவை வரும்போது எந்த வைத்தியமும் வேண்டாம், பார்த்துப் பேசினா மட்டும் போதும். கூட்டம் இல்லாத நேரம் எப்போன்னு சொல்றீங்களா?"

மறுமுனையில் சிரித்தாலோ, "அதெல்லாம் ஒண்ணும் வலிக்காதும்மா, வாங்க" என்று மட்டும் சொல்லி வைத்தாலோ வேறு இடம் பாருங்கள். எனக்குப் பதில் சொன்ன பெண், "பரவாயில்லக்கா, காலைல முதல் ஆளா வாங்க, டாக்டர்கிட்ட சொல்லி வைக்கிறேன்" என்றார். பேசவே முடியவில்லை என்றால் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், அல்லது வீட்டில் யாரையாவது பேசச் சொல்லுங்கள். படி 1-ல் எழுதிய தாளைப் படம் எடுத்து அனுப்பினாலும் சரி.

படி 5: ஒன்றும் செய்யாத முதல் வருகை

ஏணி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் உச்சிக்கு ஏற வேண்டாம், ஒவ்வொரு படியிலும் நெஞ்சு அடங்கும்வரை நின்றுவிட்டு அடுத்ததில் கால் வைத்தால் போதும். என் ஏணி இப்படி இருந்தது: ஒருநாள் காய்கறி வாங்கப் போகும் வழியில் அந்த கிளினிக் இருக்கும் தெருவில் நடந்தேன். இன்னொரு நாள் எதிர்ப் பக்கம் டீக்கடையில் நின்று ஒரு டீ குடித்தேன், பலகையைப் பார்த்தபடி. மூன்றாவது தடவை உள்ளே போய் விலை மட்டும் கேட்டுவிட்டு வந்தேன். நான்காவதுதான் முதல் வருகை.

முக்கியமான விதி, பயம் உச்சத்தில் இருக்கும்போது ஓடிவராதீர்கள். அப்படி ஓடினால் மூளை, "நல்லவேளை தப்பித்தோம்" என்று கற்றுக்கொள்ளும். கொஞ்சம் நின்று, படபடப்பு சற்றே இறங்கிய பிறகு கிளம்புங்கள்.

அந்த முதல் வருகையில் டாக்டர், என்னைவிடப் பத்து வயதாவது குறைவாக இருப்பார், நாற்காலியைச் சாய்க்கவே இல்லை. தானும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தார். முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு, "அக்கா, அன்னைக்கு என்ன நடந்துச்சு, சொல்லுங்க" என்றார். சொன்னேன். அழுகையாக வந்தது. அவர் டிஷ்யூவை நீட்டிவிட்டு, வாய் பார்க்கும் அந்தச் சின்னக் கண்ணாடியை என் கையில் கொடுத்தார். "நீங்களே வெச்சுப் பாருங்க." 28 வருஷத்தில் முதல் தடவையாக என் கடைவாய்ப் பல்லை நான் பார்த்தேன். நினைத்துப் பயந்த அளவுக்கு அது இல்லை. நடுவில் ஒரு கறுப்புக் குழி, மிளகு அளவு.

முதல் வருகையில் எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளலாம், அது வலிக்காது. என்ன வைத்தியம், எத்தனை தடவை வர வேண்டும், மொத்தம் எவ்வளவு ஆகும், தவணையில் கட்டலாமா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எளிதானதை முதலில் செய்யச் சொல்லுங்கள். சுத்தம் செய்வதோ சின்னச் சொத்தை அடைப்பதோ முதல் வெற்றியாக இருக்கட்டும், ரூட் கெனால் பிறகு வரட்டும்.

நம் ஊரில் இரண்டு பேச்சு உண்டு. மேல் பல்லை எடுத்தால் கண் பார்வை போகும் என்பது ஒன்று. பல்லுக்கும் பார்வைக்கும் போகும் நரம்புகள் வேறு வேறு, பல் எடுப்பதால் பார்வை போகாது. சுத்தம் செய்தால் பல் ஆடும் என்பது இன்னொன்று. வருஷக்கணக்காகப் படிந்த காறைதான் இடைவெளியை அடைத்துக்கொண்டிருந்தது, அதை எடுத்ததும் இடைவெளி தெரிகிறது. பல்லை ஆட்டுவது காறையும் ஈறு நோயும்தான்.

படி 6: அந்த நாள்

காலை நேரமே நல்லது, நாள் முழுக்க நினைத்து நினைத்துச் சோர வேண்டியதில்லை. முந்தின ராத்திரி சீக்கிரம் படுங்கள். மயக்கம் கொடுக்கப் போகிறார்கள் என்றால் தவிர வெறும் வயிற்றில் போகாதீர்கள், இரண்டு இட்லியாவது சாப்பிடுங்கள். காபியைக் குறையுங்கள், படபடப்பைக் கூட்டும். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வழக்கம்போலப் போடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை நீங்களாக நிறுத்திவிட்டுப் போகாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். இதய வால்வு மாற்றியவர்கள், கர்ப்பிணிகள், மருந்து ஒவ்வாமை உள்ளவர்களும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கர்ப்பிணிகளுக்கு நான்கிலிருந்து ஆறாவது மாதம் வரை வசதியான காலம். வலி, வீக்கம் இருந்தால் எந்த மாதமும் காத்திருக்கக் கூடாது.

கூட ஒருவரை அழைத்துப் போங்கள், ஆனால் தேர்ந்தெடுத்து. "இதுக்குப் போயா பயப்படுற?" என்று கேட்பவர் வேண்டாம். என் கணவர் வந்தார். நான், "நீங்க ஒண்ணும் பேச வேண்டாம், சும்மா உட்காருங்க" என்று சொல்லியே கூட்டிப் போனேன்.

படி 7: நாற்காலியில்

முதல் வேலை, கை சைகை. "இடது கையைத் தூக்கினால் நிறுத்துங்கள்" என்று பேசி வையுங்கள். ஒன்றுமில்லாதபோதே ஒரு தடவை தூக்கிச் சோதியுங்கள். நான் தூக்கினேன். அவர் உடனே எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். அந்தக் கணம்தான் என் 9 வயது முடிந்தது என்று நினைக்கிறேன். அன்றைக்கு என் இரண்டு கையையும் பிடித்து வைத்திருந்தார்கள். இன்றைக்கு ஒரு கையைத் தூக்கினால் நிறுத்துகிறார்கள்.

ஊசிக்கு முன் மரக்கும் ஜெல் தடவச் சொல்லுங்கள், ஓரிரு நிமிடம் விட்டால் குத்துவது குறைவாகத் தெரியும். மருந்தை மெதுவாகச் செலுத்தச் சொல்லுங்கள், வேகமாக ஏற்றினால்தான் கடுக்கும். ஊசியைப் பார்க்க வேண்டாம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கால் கட்டைவிரல்களை மட்டும் அசையுங்கள்.

மூச்சு: மூக்கால் நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். வெளியே விடுவது நீளமாக இருக்க வேண்டும், அதுதான் இதயத்தை மெதுவாக்கும். இதை அன்றைக்குத் தொடங்கினால் வராது, ஒரு வாரம் முன்பே ராத்திரி படுக்கையில் பழகுங்கள்.

ஊசியையோ ரத்தத்தையோ பார்த்தால் மயங்கி விழுபவர்களுக்கு மட்டும் முறை நேர்மாறு. அவர்களுக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குகிறது, அதனால் உடம்பைத் தளர்த்தினால் இன்னும் மயக்கம்தான் வரும். கை, தொடை, வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 நொடி இறுக்குங்கள், முகம் சூடாவது தெரியும். பிறகு 20, 30 நொடி சாதாரணமாக விடுங்கள். ஐந்து தடவை செய்யுங்கள். ஊசி ஏறும்போது மட்டும் அந்த இடம் தளர்ந்திருக்கட்டும்.

குமட்டல் வருபவர்கள் மூக்கால் மட்டும் மூச்சு விடுங்கள், நாற்காலியை முழுக்கச் சாய்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள், ஒரு காலைச் சற்றே தூக்கிப் பிடித்து அதிலேயே கவனத்தை வையுங்கள். சத்தம் பயம் என்றால் காதில் இயர்போன், ஆனால் டாக்டர் குரல் கேட்கும் அளவுக்கு. எனக்கு "ஆச்சு" என்ற சொல்லே ஆகாது, அதனால், "ஆச்சுன்னு சொல்லாதீங்க, இன்னும் எவ்வளவு நேரம்னு சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டேன். "இன்னும் ஒரு நிமிஷம்க்கா" என்றார். ஒரு நிமிஷத்தில் நிறுத்தினார்.

படி 8: இதற்கும் அடங்காத பயம் என்றால்

சிலருக்கு இவ்வளவும் போதாது. மூக்கில் வைத்து முகரும் நைட்ரஸ் ஆக்சைடு வாயு பயன்படுத்தும் இடங்கள் உண்டு. நினைவு இருக்கும், பயம் தளரும், நிறுத்தியதும் சில நிமிடங்களில் தெளிந்துவிடும். டாக்டர் எழுதித் தரும் தூக்க மாத்திரையோடு செய்வது, பெரிய வேலை என்றால் மருத்துவமனையில் முழு மயக்கம் கொடுத்துச் செய்வது, இவையும் உண்டு. எல்லா கிளினிக்கிலும் இருக்காது, போனிலேயே கேளுங்கள். மாத்திரையை நீங்களாக வாங்கிப் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

மயக்கம் அன்றைய வேலையை முடித்துத் தரும், பயத்தை மாற்றாது. பயத்தை மாற்ற மனநல ஆலோசனை உதவும். எண்ணத்தையும் நடத்தையையும் சேர்த்து மாற்றும் சிகிச்சை இதற்கு நன்றாகவே வேலை செய்கிறது. எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கூப்பிடுங்கள், அரசு சேவை, கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். பல்லுக்காக இதற்கெல்லாம் போவதா என்று தயங்க வேண்டாம். தூங்காமல் கிடந்த ராத்திரிகளை எண்ணிப் பாருங்கள்.

படி 9: வீட்டுக்கு வந்த பிறகு

உதடு மரத்திருக்கும் இரண்டு மூன்று மணி நேரம் மென்று சாப்பிடுவதும் சூடாகக் குடிப்பதும் வேண்டாம், தெரியாமல் உதட்டையே கடித்துவிடுவோம், இல்லை சுட்டுக்கொள்வோம். பல் எடுத்திருந்தால் வைத்த பஞ்சை அரை மணி நேரத்துக்கு மேல் அழுத்திக் கடித்திருங்கள், எச்சிலைத் துப்பிக்கொண்டே இருக்காதீர்கள், ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாதீர்கள், புகை கூடாது. குழியில் உறையும் ரத்தக் கட்டிதான் மருந்து. அது பெயர்ந்தால் இரண்டு மூன்று நாளில் கடும் வலி வரும், வந்தால் உடனே போங்கள். அன்றைக்கு மோர் சாதம், ஐஸ்கிரீம் போதும்.

கிளினிக்கை விட்டு வெளியே வருவதற்குள் அடுத்த தேதியை வாங்கிவிடுங்கள். வீட்டுக்கு வந்து போன் செய்துகொள்ளலாம் என்றால் மறுபடி மூன்று வாரம் ஆகும்.

பிள்ளைகளுக்கு இதைக் கொடுக்காமல் இருக்க

"சாப்பிடலன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் ஊசி போடச் சொல்வேன்" என்று மிரட்டுவதை இன்றோடு விடுங்கள். "வலிக்கவே வலிக்காது" என்றும் சொல்லாதீர்கள். வலி என்ற சொல்லையே நாம்தான் கொண்டு போய் வைக்கிறோம், பொய்யாகிவிட்டால் நம்மையும் நம்ப மாட்டார்கள். முதல் பிறந்தநாளுக்குள் முதல் வருகை என்பது பல் மருத்துவர்களின் பரிந்துரை. அந்த வயது தாண்டிவிட்டாலும் பரவாயில்லை, பல் வலி இல்லாத நாளில் கூட்டிப் போங்கள். உங்களுக்கே பயம் முகத்தில் தெரியும் என்றால் வீட்டில் பயமில்லாதவரை அனுப்புங்கள்.

என் மகளை அவளுடைய அப்பாதான் முதல் தடவை கூட்டிப் போனார். இரண்டாவது தடவை நான் போனேன். டாக்டர் அவளை என் மடியில் உட்கார வைத்து, கண்ணாடியைக் கையில் கொடுத்து, "பல்லை எண்ணலாமா?" என்று கேட்டார். இருவரும் சேர்ந்து சத்தமாக எண்ணினார்கள். இருபது வந்தது. "கீழ ஒண்ணு ஆடுது ஆன்ட்டி" என்றாள் இவள், டாக்டர் சொல்வதற்கு முன்பே.